பேர் ஏறியது, கூலி ஏறவில்லை: விண்வெளி கேம் ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஆன்லைன் விண்வெளி கேம்களுக்குப் புதிதாக வருபவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரே தரப்புக்குத் தொடர்ந்து மிஷன் செய்து பேர் எடுத்தால் ரிவார்டு ஏறுமா? ஏறும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு, எப்போது, எந்த வழியாக என்று துருவினால் ஆளுக்கொரு பதில் வரும். எங்கள் குழுவில் இருக்கும் ஒரு பைலட்டின், அதாவது ஆட்டக்காரரின், கணக்கை எடுத்து இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கேம், ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் உருவாக்கியது, 2003 மே மாதம் வெளிவந்தது. பேர் என்கிற விஷயத்தை இந்த அளவுக்குத் தசமப் புள்ளி வைத்து அளக்கும் கேம்கள் குறைவு. அதனால் ஆய்வுக்கு வசதி.

அவருடைய புகார் இதுதான். கேமில் வரும் நான்கு பேரரசுகளில் ஒன்று கால்டாரி. அதன் படையான கால்டாரி நேவி என்ற கார்ப்பரேஷனுக்காக மாதக்கணக்கில் மிஷன் ஓட்டுகிறார். அந்தக் கார்ப்பரேஷனிடம் ஸ்டாண்டிங், அதாவது பேருக்கான மதிப்பெண், 8-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் ஒரு மாலை உட்கார்ந்து விளையாடினால் கிடைக்கும் பணம், ஸ்டாண்டிங் 5 இருந்த காலத்தில் கிடைத்ததைவிடப் பெரிதாக ஏறவில்லை. இது போதாதென்று எதிரிப் பேரரசான கலென்டேயின் எல்லைக்குள் தலை காட்டினாலே அவர்கள் நேவி சுடுகிறது. பாடுபட்டுச் சேர்த்த பேர் ஒரு பக்கம் பலன் தராமல் மறுபக்கம் வம்பையும் இழுத்துவிட்டது என்று அவருக்கு எரிச்சல்.

ஸ்டாண்டிங் எப்படி வேலை செய்கிறது

ஈவில் மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை ஒரு அளவுகோல். உங்களைப் பற்றி மூன்று இடங்களில் கணக்கு வைக்கிறார்கள்: மிஷன் தரும் ஏஜென்ட், அவர் வேலை பார்க்கும் கார்ப்பரேஷன், அந்தக் கார்ப்பரேஷன் சேர்ந்திருக்கும் பேரரசு. ஏஜென்டுகள் லெவல் 1 முதல் 5 வரை. லெவல் 2-க்கு 1.0, லெவல் 3-க்கு 3.0, லெவல் 4-க்கு 5.0, லெவல் 5-க்கு 7.0 ஸ்டாண்டிங் வேண்டும். மூன்று கணக்கில் எது அதிகமோ அதைத்தான் ஏஜென்ட் பார்ப்பார். பேரரசு அளவிலேயே 5.0 எட்டிவிட்டால் அதன் கீழுள்ள எல்லாக் கார்ப்பரேஷனின் லெவல் 4 ஏஜென்டும் கதவைத் திறப்பார். தலைகீழும் உண்டு. மூன்றில் ஏதாவது ஒன்று மைனஸ் 2-க்குக் கீழே போனால் லெவல் 1 ஏஜென்டைத் தவிர யாரும் பேச மாட்டார்கள்.

இதில் கனெக்‌ஷன்ஸ் என்ற ஸ்கில் ஒரு குறுக்குவழி. உங்கள் ஸ்டாண்டிங்குக்கும் 10-க்கும் உள்ள இடைவெளியில், ஸ்கில்லின் ஒவ்வொரு லெவலுக்கும் 4 சதவீதத்தைச் சேர்த்துக் காட்டும். ஐந்து லெவலும் முடித்தவருக்கு உண்மையான ஸ்டாண்டிங் 3.75 இருந்தாலே போதும்: இடைவெளி 6.25, அதில் 20 சதவீதம் 1.25, மொத்தம் சரியாக 5.0. நம் பைலட் மூன்று லெவலோடு நிறுத்தியிருந்தார். அவருக்கு 4.32 தேவைப்பட்டது. கேட்க அரைப் புள்ளி வித்தியாசம்தான். ஆனால் லெவல் 3 மிஷன்களை வைத்து அந்த அரைப் புள்ளியை ஏற்றுவதற்கு எத்தனை மாலைகள் ஆகும் என்பதை அதைச் செய்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஸ்கில் தானாகவே, நீங்கள் தூங்கும்போதும், ஏறிக்கொண்டிருக்கும். மிஷன் அப்படி ஓடாது.

கூலி எங்கிருந்து வருகிறது

ஒரு சண்டை மிஷனின் வருமானத்தைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் புகாருக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். ஏஜென்ட் தரும் இஸ்க், அதாவது கேமின் நாணயம், ஒன்று. குறித்த நேரத்துக்குள் முடித்தால் போனஸ். சுட்டு வீழ்த்தும் கொள்ளையர் கப்பல் ஒவ்வொன்றுக்கும் தலைக்கு விலை, அதாவது பவுன்ட்டி. உடைந்த கப்பல்களிலிருந்து பொறுக்குவது. கடைசியாக லாயல்டி பாயிண்ட், சுருக்கமாக எல்பி. இதை அந்தக் கார்ப்பரேஷனின் கடையில் கொடுத்துப் பொருள் வாங்கிச் சந்தையில் விற்கலாம்.

பவுன்ட்டிக்கும் உங்கள் பேருக்கும் சம்பந்தமே இல்லை. உங்களைக் கால்டாரி கொண்டாடினாலும் வெறுத்தாலும் அதே கொள்ளையன், அதே விலை. இஸ்க் கூலியை ஏற்ற நெகோஷியேஷன் என்ற தனி ஸ்கில் இருக்கிறது, லெவலுக்கு 5 சதவீதம். எல்பிக்கு செக்யூரிட்டி கனெக்‌ஷன்ஸ், லெவலுக்கு 10 சதவீதம். இவை போக, ஏஜென்ட் எந்த சிஸ்டத்தில், அதாவது நட்சத்திர மண்டலத்தில், உட்கார்ந்திருக்கிறார் என்பதும் எல்பியை மாற்றும். பாதுகாப்பு மதிப்பு குறையக் குறைய எல்பி கூடும். 0.9 சிஸ்டத்து ஏஜென்டையும் 0.5 சிஸ்டத்து ஏஜென்டையும் ஒப்பிட்டால் இரண்டாமவர் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தருவார். இரண்டுமே பாதுகாப்பான பகுதி என்ற கணக்கில்தான் வருகின்றன.

சரி, ஸ்டாண்டிங் எங்கே வருகிறது? படியில் வருகிறது. லெவல் 3-லிருந்து 4-க்குத் தாவும்போது எதிரிகள் பெரிதாகிறார்கள், பவுன்ட்டி பெரிதாகிறது, கூலியும் எல்பியும் வேறு தரத்துக்குப் போகின்றன. அந்தத் தாவலுக்கான நுழைவுச்சீட்டுதான் 5.0. படியில் ஏறிய பிறகு 5.2 எத்தனை, 6.8 எத்தனை என்பதால் மாலைக் கணக்கு புரண்டுவிடாது. அடுத்த படி 7.0. ஆனால் லெவல் 5 மிஷன்கள் லோ-செக் எனப்படும் பாதுகாப்பு குறைந்த பகுதியில்தான் நடக்கும். மற்ற ஆட்டக்காரர்கள் போலீஸ் பயமில்லாமல் உங்களைச் சுடக்கூடிய இடம் அது. நம் பைலட் தனியாக விளையாடுபவர், விலை உயர்ந்த போர்க்கப்பலை அங்கே கொண்டுபோக அவருக்குத் துணிவில்லை, தேவையும் இல்லை. ஆக அவரைப் பொறுத்தவரை 5.0தான் கடைசிப் படி. அதற்கு மேல் 8 வரை சேர்த்தது மொட்டைமாடியில் நின்றுகொண்டு இன்னும் படி தேடிய கதை.

எட்டில் இருந்து பார்த்தால்

இந்த அளவுகோலில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மிஷன் தரும் ஏற்றம் நிலையான எண் அல்ல, 10-ஐ நோக்கிய இடைவெளியில் ஒரு சதவீதம். இறக்கம், மைனஸ் 10-ஐ நோக்கிய இடைவெளியில் ஒரு சதவீதம். ஸ்டாண்டிங் 2 இருப்பவருக்கு 1 சதவீத ஏற்றம் என்றால் 0.08 கிடைக்கும், 1 சதவீத இறக்கம் என்றால் 0.12 போகும். பரவாயில்லை. 8-ல் நிற்பவருக்கு அதே 1 சதவீதம் ஏறினால் 0.02, இறங்கினால் 0.18. ஒன்பது மடங்கு. ஒரு மிஷனைக் கோட்டைவிட்டால் அதைச் சரிக்கட்ட அதே எடையுள்ள ஒன்பது மிஷன் செய்ய வேண்டும்.

இதன் விளைவு அவர் விளையாடும் விதத்தில் தெரிந்தது. ஏஜென்ட் தரும் வேலையை மறுக்க ஒரு சலுகை உண்டு: ஒரு ஏஜென்டிடம் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை தண்டனையில்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம். அதற்குள் இரண்டாவது முறை மறுத்தால் ஸ்டாண்டிங் குறையும். எட்டில் இருந்தவருக்கு அந்த 0.18 பயம். அதனால் பிடிக்காத மிஷன், நேரம் தின்னும் மிஷன், பகையை வளர்க்கும் மிஷன் எதையும் இரண்டாவது முறை மறுக்காமல் எடுத்துக்கொண்டே போனார். பேரைக் காப்பாற்றுவதற்காகக் கூலியைக் கோட்டைவிட்டார். புகாரின் மையம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதிகப் பேர் அவருக்குப் பலன் தரவில்லை என்பது மட்டுமல்ல, அதைக் கட்டிக்காக்கும் செலவு அவருடைய வருமானத்தையே அரித்தது. 5.5-ல் நிற்பவர் தயங்காமல் தூக்கிப் போடும் மிஷனை 8-ல் நிற்பவர் முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார்.

பகை எப்படி வந்தது

அவர் மறுக்காமல் எடுத்தவற்றில் ஒரு வகை, எதிர்ப் பேரரசின் நேவியையே சுடச் சொல்லும் மிஷன்கள். ஈவின் உலகத்தில் கால்டாரியும் அமாரும் ஒரு அணி, கலென்டேயும் மின்மட்டாரும் எதிரணி. கலென்டே நேவிக் கப்பலைச் சுட்டால் கலென்டே பேரரசிடம் உங்கள் ஸ்டாண்டிங் நேராக விழும். வேடிக்கை என்னவென்றால், அந்த மிஷன்களில் வரும் நேவிக் கப்பல்களுக்குப் பவுன்ட்டி கிடையாது. டேக் எனப்படும் அடையாள வில்லைகள் விழும், அவற்றுக்கு ஓரளவு விலை உண்டு, அவ்வளவுதான். வருமானத்தில் பெரிய பங்கான பவுன்ட்டியை விட்டுக்கொடுத்து, கூடவே ஒரு பேரரசின் பகையையும் வாங்கிக்கொள்ளும் வேலை.

இரண்டாவது வழி மெதுவானது. ஒரே பேரரசுக்கு ஒரே லெவலில் 16 மிஷன் முடித்தால் ஸ்டோரிலைன் மிஷன் ஒன்று வரும். சாதாரண மிஷன்கள் ஏஜென்டையும் கார்ப்பரேஷனையும்தான் ஏற்றும். பேரரசு ஸ்டாண்டிங்கை ஏற்றுவது இந்த ஸ்டோரிலைன்தான். அது கால்டாரியை ஏற்றும்போது கூடவே அமாரைக் கொஞ்சம் ஏற்றும், கலென்டேயையும் மின்மட்டாரையும் கொஞ்சம் இறக்கும். ஒவ்வொரு முறையும் துளிதான். ஆனால் மாதக்கணக்கில் விழுந்த துளி. இரண்டும் சேர்ந்து கலென்டே மைனஸ் 5.6-க்குப் போயிருந்தது. மைனஸ் 5-ஐத் தாண்டினால் அந்தப் பேரரசின் பாதுகாப்பான பகுதியில் அவர்கள் நேவியே உங்களைத் துரத்தும்.

டிப்ளமஸி என்ற ஸ்கில் மைனஸ் ஸ்டாண்டிங்கை, கனெக்‌ஷன்ஸ் செய்வதைப் போலவே தூக்கிக் காட்டும். ஐந்து லெவலும் முடித்தாலும் மைனஸ் 5.6 என்பது மைனஸ் 2.48 ஆகத்தான் தெரியும். ஏஜென்ட் பேசுவதற்கான மைனஸ் 2 எல்லைக்கு அது போதாது. அதாவது கலென்டே பக்கத்தின் நல்ல ஏஜென்டுகள் மொத்தமும் அவருக்கு மூடப்பட்டுவிட்டன. நேவி சுடும்வரை, டோடிக்ஸி போன்ற அந்தப் பக்கத்துச் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகும் வழியும் அடைபட்டிருந்தது. இந்த இழப்பு எந்த மிஷனின் ரிவார்டு பட்டியலிலும் வராது. வராததால்தான் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

என்ன மாற்றினோம்

முதலில், எதிர்ப் பேரரசை அடிக்கும் மிஷன்களை முழுதாக நிறுத்தச் சொன்னோம். 4 மணி நேரச் சலுகை தீர்ந்திருந்தால் வேறு ஏஜென்டிடம் போவது, அதுவும் முடியாவிட்டால் தண்டனையை ஏற்று மறுப்பது. அவர் எதிர்த்தார். எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கினாலும் ஒரு கதவும் மூடாது என்பதை எண்ணை எழுதிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

அடுத்து இடமாற்றம். ஈவின் பெரிய சந்தையான ஜிட்டாவுக்குப் பக்கம் என்பதற்காக அதிகப் பாதுகாப்பு மதிப்புள்ள சிஸ்டத்தில் இருந்தவரை, அதே கார்ப்பரேஷனின் 0.5 சிஸ்டத்து ஏஜென்டிடம் போகச் சொன்னோம். ஸ்டாண்டிங் அப்படியே செல்லும். எல்பி அன்றைக்கே கூடியது. அப்புறம், சேர்ந்த எல்பியை என்ன செய்கிறோம் என்பது. கால்டாரி நேவிக்கு மிஷன் ஓட்டுபவர்கள் ஏராளம், எல்லோரும் அதே கடையில் அதே பொருளை வாங்கி அதே ஜிட்டாவில் கொட்டுகிறார்கள். விலை தாழ்ந்தே கிடக்கும். சிஸ்டர்ஸ் ஆஃப் ஈவ் என்ற தரப்பின் கடையில் ஆஸ்டெரோ, ஸ்ட்ராட்டியோஸ் போன்ற, விண்வெளியைத் துழாவித் தேடும் எக்ஸ்ப்ளோரர்கள் விரும்பி வாங்கும் கப்பல்கள் கிடைக்கின்றன. அந்த எல்பிக்குப் பெரும்பாலும் நல்ல விலை நிற்கும். கால்டாரி நேவியில் 5-லிருந்து 8-க்கு ஏறச் செலவிட்ட உழைப்பை அங்கே போட்டிருந்தால் இரண்டாவது கதவு திறந்திருக்கும். கேம் இதை எங்கேயும் சொல்லித் தராது. சந்தையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலென்டே பகையைத் தணிக்க, சிஸ்டர்ஸ் ஆஃப் ஈவ் தரும் நீண்ட மிஷன் தொடர் ஒன்றைப் பயன்படுத்தினார். லெவல் 1 தரம்தான், சலிப்பு தட்டும். ஆனால் முடிவில் நான்கு பேரரசில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஸ்டாண்டிங்கை நன்றாக ஏற்றிக்கொள்ளலாம், 3 மாதத்துக்கு ஒரு முறை திரும்பவும் செய்யலாம். மைனஸில் ஆழமாக இருப்பவருக்கு 10-ஐ நோக்கிய இடைவெளி பெரிது என்பதால் அதே சதவீதம் பெரிய எண்ணாக வரும். எட்டில் அவரைக் கடித்த அதே சூத்திரம் இங்கே உதவியது.

அப்படியானால் அந்த 8 முழுக்க வீணா? இல்லை, அவர் தேடாத இடத்தில் அதற்கு ஒரு பலன் இருந்தது. ஜிட்டாவின் பெரிய சந்தை நடக்கும் நிலையம் கால்டாரி நேவியுடையது. அங்கே ஆர்டர் வைக்கும்போது கட்டும் புரோக்கர் கட்டணம் 3 சதவீதத்தில் தொடங்கும். புரோக்கர் ரிலேஷன்ஸ் ஸ்கில் லெவலுக்கு 0.3 குறைக்கும், பேரரசு ஸ்டாண்டிங் புள்ளிக்கு 0.03, கார்ப்பரேஷன் ஸ்டாண்டிங் புள்ளிக்கு 0.02 குறைக்கும். இங்கே ஸ்கில் தூக்கிக் காட்டும் எண் செல்லாது, உண்மையான ஸ்டாண்டிங்தான் கணக்கு. ஸ்கில் முழுதாக இருந்து, பேரரசு 5, கார்ப்பரேஷன் 8 என்றால் கட்டணம் 1.5-லிருந்து 1.19 ஆகும். 100 கோடி இஸ்க் ஆர்டருக்கு 31 லட்சம் மிச்சம். தினமும் சந்தையில் புரளுபவருக்கு இது பெரிய தொகை. எல்பி பொருளை எப்போதாவது விற்பவருக்குச் சில்லறை. இவர் வியாபாரத்தைத் தொட்டதே இல்லை, மிஷன் கூலிக்காக ஏற்றிய பேர் வியாபாரிக்குத்தான் உதவும் என்று கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தார்.

எலைட்டில் வேறு கணக்கு

இதே பைலட் எலைட் டேஞ்சரஸ் விளையாடியிருந்தால் அவருடைய நம்பிக்கை ஓரளவு சரியாக இருந்திருக்கும். 2014 டிசம்பரில் ஃபிரான்டியர் வெளியிட்ட அந்தக் கேமில் தசமப் புள்ளி கண்ணில் படாது. பகை, நட்பின்மை, நடுநிலை, இணக்கம், நட்பு, கடைசியாக அலைடு (கூட்டாளி) என்று பெயர்கள்தான். ஒரு நிலையத்தில் பல சின்னத் தரப்புகள் தனித்தனியாக மிஷன் தரும். ஒரு தரப்போடு நெருங்க நெருங்க அதன் பட்டியலில் கொழுத்த மிஷன்கள் தென்படும். அலைடு ஆவதும் ஈவைப்போல மாதக்கணக்கு இல்லை. பணத்தை நன்கொடையாகக் கொடுத்தே பேர் வாங்கும் மிஷன்கள் கூட உண்டு. மிஷன் முடிந்ததும் கூலியைப் பணமாக எடுப்பதா, குறைத்துக்கொண்டு நற்பெயராகவோ அந்தத் தரப்பின் செல்வாக்காகவோ எடுப்பதா என்று கேட்பார்கள். பேருக்கும் பணத்துக்கும் உள்ள மாற்று விகிதத்தை இவ்வளவு வெளிப்படையாக மேசையில் வைக்கும் கேம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அங்கே பணம் கொட்டும் வித்தை ஆழத்தில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. கொள்ளையரைக் கொத்தாக ஒழிக்கச் சொல்லும் மிஷன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தரப்பு இரண்டு மிஷன் கொடுத்தால் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததில் எண்ணிக்கை ஏறும். ஆனால் ஐந்து தரப்புகள், அதே கொள்ளையர் கூட்டத்தின் மேல், ஆளுக்கு ஒன்று கொடுத்தால், நீங்கள் வீழ்த்தும் ஒரு கப்பல் ஐந்து கணக்கிலும் ஏறும். ஒருவரோடு உயிர் நண்பராக இருப்பதைவிட அக்கம்பக்கத்து ஐந்து பேரோடும் அலைடாக இருப்பது ஐந்து மடங்கு லாபம். ஒரே நேரத்தில் 20 மிஷன் வரைதான் கையில் வைக்கலாம் என்ற வரம்பு மட்டும் உண்டு. ஈவில் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் முறைக்கும். இங்கே நாலு பக்கமும் நல்ல பிள்ளையாக இருப்பவருக்குத்தான் காசு.

பெரிய வல்லரசுகளிடம் பதவி ஏறுவது தனி. ஃபெடரேஷனில் ரியர் அட்மிரல் ஆனால்தான் கார்வெட் கப்பல் வாங்கலாம், எம்பையரில் டியூக் ஆனால்தான் கட்டர். அங்கே ரிவார்டு என்பதே கப்பல் வாங்கும் உரிமை, கூலி அல்ல.

மற்ற கேம்களைச் சுருக்கமாகச் சொன்னால், நோ மேன்ஸ் ஸ்கை இனங்கள், கில்டுகள் என்று இரண்டு பக்கமும் ஸ்டாண்டிங் வைத்து மிஷன் பலகையைத் திறக்கிறது, பகை என்ற பேச்சு அதிகம் இல்லை. ஸ்டார் சிட்டிசன் ஒப்பந்தங்களைப் பேருக்கு ஏற்பப் படிப்படியாகத் திறக்கும். இன்னும் ஆல்ஃபா நிலையில் இருப்பதால் அங்கே சேர்த்ததை நிரந்தரச் சொத்தாக நினைக்காமல் இருப்பது நல்லது. 2003-இல் வந்த ஃப்ரீலான்சரில் பேர் கெட்டால் மதுக்கூடத்தில் ஆள் பிடித்து லஞ்சம் கொடுத்துச் சரிசெய்யலாம். எனக்கு இன்றும் அதுதான் நேர்மையான வடிவமைப்பாகப் படுகிறது: கெட்ட பேருக்கு விலை என்ன என்று ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள்.

நம் பைலட் இப்போது

அவருடைய ஸ்டாண்டிங் ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே இறங்கி நிற்கிறது, வருமானம் ஏறியிருக்கிறது. வந்த ஏற்றத்தில் பெரும்பங்கு, மோசமான மிஷன்களை மறுப்பதால் மிஞ்சும் நேரமும் 0.5 சிஸ்டத்து எல்பியும். ஸ்டாண்டிங்கை அவர் வேறு விதமாகச் செலவிடத் தொடங்கியிருக்கிறார். ஈவில் ஒரே பிளீட்டில், அதாவது சேர்ந்து பறக்கும் அணியில், இருப்பவர்களோடு மிஷன் ரிவார்டைப் பங்கிடலாம். இஸ்க், எல்பி, ஸ்டாண்டிங் ஏற்றம் மூன்றும் சமமாகப் பிரியும். லெவல் 2 ஏஜென்டிடமே இன்னும் நுழைய முடியாத புதியவரை லெவல் 4 மிஷனுக்கு அழைத்துப் போனால் அவருக்கும் பங்கு வரும். புதியவருக்கு 10-ஐ நோக்கிய இடைவெளி முழுதாக இருப்பதால் பாதிப் பங்கே பெரிய தாவல். ஸ்டாண்டிங்கில் இவர் இழப்பது 0.01, 0.02 புள்ளிதான்.

ஒரே நிபந்தனை வைத்திருக்கிறார். கலென்டே நேவி வரும் மிஷனுக்குப் புதியவர்களைக் கூட்டிப் போவதில்லை. அங்கே சுட்டால் அவர்கள் பேரிலும் பகை எழுதப்படும்.